லெட்டர் போடுறோம்: ஏற்காட்டுக் காப்பி ஒசாகா போய்வந்த கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

2019 ஆகஸ்ட் மாதம், ஏற்காட்டில் மழை பிடித்த நாலாவது நாள், எங்கள் மாமா குடோனைத் திறந்து ஒரு சாக்கின் தையலைப் பிரித்தார். மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். உள்ளே கையை விட்டு ஒரு பிடி பார்ச்மென்ட், அதாவது உமியோடு காயவைத்த காப்பிக்கொட்டை, அள்ளினார். நகத்தால் உமியை உரித்து, கொட்டையை வெளிச்சத்தில் காட்டினார். பிப்ரவரியில் நீலப்பச்சையாக இருந்தது இப்போது வெளுத்துப்போயிருந்தது. மோந்து பார்த்தார். சாக்கு வாசனைதான் வந்தது.

"இன்னைக்காச்சும் மெயில் வந்துச்சா மாப்ள?"

வரவில்லை. மூட்டைக்கு 50 கிலோ என்று 22 மூட்டை, ஆறு மாதமாக ஒசாகாவிலிருந்து வர வேண்டிய ஒரு மெயிலுக்காகக் காத்துக் கிடந்தது. கடைசிவரை அது வரவே இல்லை. செப்டம்பரில் உள்ளூர் வியாபாரியிடம், பிப்ரவரியில் அவரே கேட்ட விலைக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத் தள்ளிவிட்டோம்.

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் டிக்கெட், விசா எடுத்துக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் ஒன்று வைத்திருக்கிறேன். வெளியூர் போகிறவர்களுக்கு அங்கே எப்படி நடந்துகொள்வது என்று சொல்லி அனுப்புவதும் என் வேலைதான். அப்படிப்பட்ட நானே கூடப் போயிருந்தும் இது நடந்தது. கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். இதில் வருகிறவர்கள் யார் பெயரும் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

பின்னணி

மாமாவின் தோட்டம் ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற வழியில் இருக்கிறது. 14 ஏக்கர். சில்வர் ஓக் நிழலில் அராபிகா, மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி. சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்து இருநூறு வருஷம் ஆகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்தது. ஆனாலும் ஏற்காட்டுக் காப்பி என்று தனிப்பெயரோடு வெளியே போவது குறைவு. சின்னத் தோட்டக்காரர் பறித்து, கூழ் நீக்கி, கழுவி, களத்தில் காயவைத்து, பார்ச்மென்ட்டாக வியாபாரியிடம் போட்டுவிடுவார். அதற்கப்புறம் அது எந்த ஊர்க் காப்பியோடு கலக்கிறது என்று அவருக்கே தெரியாது.

அக்கா மகள் ஜப்பானில், ஒசாகாவில் வேலை பார்க்கிறாள். அவளோடு வேலை செய்யும் பையனின் பெரியப்பா அங்கே சின்னதாகக் காப்பி வறுத்து விற்கும் கடை வைத்திருக்கிறார். இந்த மாதிரிக் கடைக்காரர்களுக்கு ஒரே தோட்டத்துக் கொட்டை வேண்டும், அந்தத் தோட்டக்காரர் யார் என்று தெரிய வேண்டும். மாமாவுக்கு வேண்டியதும் அதுவேதான். சரி, நேரில் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று 2019 பிப்ரவரிக் கடைசியில், பறிப்பு முடிந்த கையோடு, மாமா, அக்கா, நான் மூன்று பேரும் கிளம்பினோம்.

தயாராகாமல் போனோம் என்று யாரும் சொல்ல முடியாது. அக்கா மகள் ஒரு மாதமாக வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பிக்கொண்டே இருந்தாள். ரயிலில் போனில் பேசக்கூடாது. ஓட்டலில் டிப்ஸ் வைக்கக்கூடாது, வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள். பொதுக் குளியலறையில் துணியில்லாமல்தான் இறங்க வேண்டும், அதுவும் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்த பிறகு. தெருவில் குப்பைத்தொட்டி அநேகமாக இருக்காது, காகிதத்தைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயு வைத்தார்களே, அதற்கப்புறம் நிறைய இடங்களில் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். நகரும் படிக்கட்டில் டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம்.

இதில் ஒன்றில்கூட நாங்கள் தப்பு செய்யவில்லை. அக்கா போனின் முருகன் பாட்டு ஒன்பது நாளும் வாய் திறக்கவில்லை. மாமா பிஸ்கட் காகிதத்தை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பொதுக் குளியலறைக்குப் போவதைப் பற்றிப் பத்து நாள் பயந்தோம், பத்து நிமிஷத்தில் பழகிவிட்டது.

எதற்குப் பயந்தோமோ அதிலெல்லாம் தேறிவிட்டோம். எதைப் பார்த்து 'அட, இது நம்ம ஊர் மாதிரியே இருக்கே' என்று நிம்மதியானோமோ, அங்கேதான் ஒவ்வொன்றாக விழுந்தோம். நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

நிலைப்படியும் ஒரு சாண் உயரமும்

மூன்றாம் நாள் சாயங்காலம் கடைக்காரர் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வீட்டுக்குள் செருப்புப் போடக்கூடாது என்று குரல்பதிவில் இருந்தது. மாமா சிரித்தார். "இதைப் போய் நமக்குச் சொல்றாளே."

வாசலுக்குப் போனோம். கதவு திறந்தது. மாமா கதவுக்கு வெளியிலேயே ஷூவைக் கழற்றி, சாக்ஸையும் உருவி உள்ளே திணித்துவிட்டு, வெறுங்காலை உள்ளே வைத்தார். நம் வீட்டில் அதுதான் மரியாதை. அங்கே கதவுக்கு உள்பக்கம் கல் பாவிய ஒரு சின்னத் தாழ்வு இருக்கிறது. அதை கென்கான் என்கிறார்கள். ஷூவோடு அதுவரை வந்து, அங்கே கழற்றி, கழற்றிய கால் அந்தக் கல்லில் படாமல் ஒரு சாண் உயரத்தில் இருக்கும் மரத்தரைக்கு நேரே ஏற வேண்டும். மாமா வெறுங்காலால் அந்தக் கல்லை நன்றாக மிதித்துவிட்டு மேலே ஏறினார்.

அந்த வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் கண் மட்டும் அரை நொடி தரைக்குப் போய் வந்தது. அப்புறம் சிரித்த முகத்தோடு வெளியே போய் மாமாவின் ஷூவை எடுத்துவந்து, மூக்கு வாசலைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தார். அந்த அரை நொடியைப் பார்த்தவள் அக்கா ஒருத்திதான். ராத்திரி அறைக்கு வந்து, "அவங்க காலைப் பார்த்தாங்கடா" என்று அதையே மூன்று முறை சொன்னாள்.

நமக்கு எல்லை நிலைப்படி. அதைத் தாண்டினால் வீடு, தாண்டாவிட்டால் தெரு. அவர்களுக்கு எல்லை நிலைப்படிக்கு உள்ளே அந்த ஒரு சாணில் இருக்கிறது. கதவுக்குள் வந்த பிறகும் நீங்கள் தெருவில்தான் நிற்கிறீர்கள். 'செருப்பைக் கழற்று' என்ற விதி இரண்டு ஊரிலும் ஒன்று, கோடு மட்டும் வேறு இடத்தில் கிடக்கிறது. கோடு எங்கே என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை, விதி தெரியும் என்று நினைத்துக்கொண்டதால்.

கழிவறைக்குத் தனிச் செருப்பு இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு போன மாமா, அதோடேயே பாய் விரித்த அறைவரை வந்துவிட்டார். எங்கள் வீட்டிலும் பாத்ரூம் செருப்பு உண்டு. அதைப் போட்டுக்கொண்டு யாராவது சாமியறைப் பக்கம் போனால் அக்கா வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். அங்கே உட்கார்ந்தபடி அவளே மாமாவுக்குக் கண்ஜாடை காட்டிப் பார்த்தாள். மாமா அதை 'நல்லா சாப்பிடுங்க' என்று எடுத்துக்கொண்டார்.

இடது கை, நாலு டம்ளர்

நம் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதே இடது கையை இலைக்குக் கொண்டுவராதே என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். மாமா அந்த வீட்டில் இடது கையை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, வலது கையில் குச்சியைப் பிடித்து, மேஜையில் இருந்த சோற்றுக் கிண்ணத்தை நோக்கிக் குனிந்து குனிந்து சாப்பிட்டார். வளர்ப்பு நன்றாக இருந்தது, ஊர்தான் தப்பு. அங்கே சோற்றுக் கிண்ணத்தை இடது கையில் ஏந்தித்தான் சாப்பிட வேண்டும். கையைக் கீழே வைத்துக்கொண்டு வாயைக் கிண்ணத்துக்குக் கொண்டுபோவதற்கு அவர்கள் பாஷையில் ஒரு பேர் இருக்கிறது. நாய் தின்கிற மாதிரி என்று அர்த்தம். எங்களுக்கு அது தெரிந்தது நாலு வருஷம் கழித்து.

டம்ளர் விஷயம் இன்னும் வேடிக்கை. வெறுங்கையோடு போகக்கூடாது என்று அக்கா செவ்வாய்ப்பேட்டையில் சின்ன வெள்ளி டம்ளர் வாங்கினாள். அந்த வீட்டில் மூன்று பேர், அதனால் மூன்று. கடையைவிட்டு இறங்கியதும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாக யாராவது கொடுப்பார்களா? திரும்ப ஏறி இன்னொன்று வாங்கி நாலாக்கினாள். ஜப்பானில் நாலு என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் ஒரே ஒலி, 'ஷி'. பரிசாக நாலு கொடுக்கமாட்டார்கள். அங்கே கோப்பை, தட்டு எல்லாம் அநேகமாக ஐந்தைந்தாகப் பெட்டி போட்டு விற்கிறார்கள். நம் ஊர் மூன்றிலிருந்து தப்பித்து அவர்கள் ஊர் நாலில் போய் விழுந்தாள் என் அக்கா.

ஒன்றே ஒன்று சட்டென்று புரிந்தது. பேச்சு மும்முரத்தில் நான் குச்சியைச் சோற்றில் நட்டுவைக்கப் போனேன். அக்கா மகள் என் கையைப் பிடித்துவிட்டாள். செத்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்களாம். குச்சியிலிருந்து குச்சிக்குப் பண்டத்தைக் கைமாற்றுவதும் கூடாது. தகனம் முடிந்ததும் எலும்பை உறவினர்கள் குச்சியால் சேர்ந்து எடுத்துக் கலசத்தில் இடுவார்கள், அந்த ஞாபகம் வரும். சொன்னவுடன் மாமா குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய அப்பாவுக்குப் பால் தெளித்த அன்று எலும்பு பொறுக்கி, பவானி கூடுதுறைக்குக் கொண்டுபோனவர் அவர். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. காரணத்தோடு சொன்ன இது ஒன்றை மட்டும் நாங்கள் மூன்று பேரும் இன்றுவரை மறக்கவில்லை. குரல்பதிவில் வந்த மற்ற விதிகளில் பாதி, ஊர் திரும்ப விமானம் ஏறியதுமே மறந்துபோனது.

கடையில் நடந்த 40 நிமிஷம்

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். மரியாதைக் குறைவுக்காக அவர்கள் காப்பி வாங்காமல் விட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. தெரியாமல் செய்கிறார்கள் என்று எல்லா ஊரிலும் புரிந்துகொள்வார்கள். 22 மூட்டை போனது அடுத்த நாள் காலை நடந்த பேச்சில்.

அக்கா மகளுக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. அவளோடு வேலை செய்யும் அந்தப் பையன் அரைநாள் வந்து ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னான். கடை சின்னது, வறுக்கும் எந்திரம் ஒரு மூலையில். மாமா கொண்டுபோன வறுத்த கொட்டையைக் கடைக்காரர் அரைத்து, வெந்நீர் ஊற்றி, உறிஞ்சிக் குடித்தார். நாங்கள் பேசப் பேச நொடிக்கொரு தரம் "ஹாய்", "ஹாய்" என்றார். மாமா முதல் இரண்டு தடவை பதிலுக்கு "ஹாய்" சொன்னார். அப்புறம்தான் பையன் சொன்னான், அது 'ஆமாம்' என்கிற வார்த்தை என்று. மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. விலை சொன்னார், ஹாய். ஏற்றுமதி உரிமம் உள்ளவர் மூலமாக அனுப்பலாம் என்றார், ஹாய். 22 மூட்டை இருக்கிறது என்றார், அதற்கும் ஹாய்.

நம் ஊரில் கதை கேட்கிறவர் 'ம்' கொட்டுகிறாரே, அந்த 'ஹாய்' அதுதான். கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. ம் கொட்டியவர் எல்லாம் கதையை ஒப்புக்கொண்டவர் ஆவாரா?

பிறகு அவர் கேள்வி கேட்டார். தண்டைத் துளைக்கும் போரர் பூச்சிக்கு மருந்து அடிக்கிறீர்களா? மருந்தெச்சம் பரிசோதித்த தாள் இருக்கிறதா? ஜப்பானில் 2006 முதல் உணவுப் பொருளுக்கு மருந்தெச்ச விதி கடுமை. தனி வரம்பு குறிக்காத மருந்து என்றால் 0.01 பிபிஎம்-ஐத் தாண்டக்கூடாது (பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு பிபிஎம்). அவருக்கு அந்தத் தாள் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. மாமா என்ன செய்தார்? நம் எல்லோரையும் போலத் தலையை இரண்டு பக்கமும் மெல்லச் சாய்த்து ஆட்டினார். "அதெல்லாம் பண்ணிடலாம், நோ ப்ராப்ளம்." ஏப்ரல் கடைசிக்குள் இரண்டு கிலோ பச்சைக்கொட்டை மாதிரியும் தாளும் அனுப்ப முடியுமா? மறுபடி அதே ஆட்டல். "கண்டிப்பா."

கடைசியில் அவர் ஒரு வாக்கியம் சொன்னார். கென்தோ ஷிமாசு. பையன் மாற்றிச் சொன்னது: பரிசீலிக்கிறோம். அப்படிச் சொல்லும்போது அவர் கொஞ்சம் பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். நான் அதைப் பார்த்தேன், காப்பி சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் மாமா என் தோளைத் தட்டினார். "பரிசீலிக்கிறோம்னே சொல்லிட்டாங்க மாப்ள. பெரிய கம்பெனிக்காரன்கூட இப்படிச் சொல்லமாட்டான்." முடிந்துவிட்ட வியாபாரத்துக்கு மாதிரி எதற்கு, தாள் எதற்கு, எல்லாம் சரக்கோடு சேர்த்தே அனுப்பினால் போயிற்று என்று ஊருக்கு வந்ததும் இருந்துவிட்டார். ஏப்ரல் போயிற்று. நானும் ஞாபகப்படுத்தவில்லை. அது என் தப்பு.

எங்கே பிசகியது

2022 அக்டோபரில் ஜப்பான் தனிப் பயணிகளுக்கு மறுபடி கதவைத் திறந்தது. 2023 மே மாதம் மாமாவும் நானும் இரண்டாம் முறை போனோம். இந்தத் தடவை மார்ச்சிலேயே மாதிரியும், பரிசோதனைத் தாளும், சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருந்தன. அக்கா மகள் லீவு போட்டு வந்து ஜப்பானிய பாஷையிலிருந்து நேராகத் தமிழில் சொன்னாள். அப்போதுதான் 2019-இல் அவர் பக்கம் என்ன நடந்தது என்று தெரிந்தது.

அவர் கண்ணால் பார்த்தது இது: மருந்தைப் பற்றிக் கேட்டதும் தோட்டக்காரர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறார். வாய் முடியும் என்கிறது, தலை இல்லை என்கிறது. ஏதோ சங்கடம் இருக்கிறது, மேலே கேட்டால் அவருக்கு முகம் தொங்கிப்போகும். அதனால் கேட்கவில்லை. ஏப்ரல் கடைசியில் மாதிரி வராதபோது, சரி, நினைத்த மாதிரிதான் என்று விட்டுவிட்டார். மாதிரி வந்திருந்தால் பார்த்திருப்பாராம். ஆக, அவர் சொன்ன கென்தோ அன்றைக்கு முழு 'இல்லை'யாகவும் இல்லை. பாதிக் கதவு திறந்திருந்தது, நாங்கள்தான் முழுசாகத் திறந்துவிட்டதாக நினைத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

அக்கா மகள் அந்த வார்த்தையை மாற்றிச் சொன்ன விதம்தான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "மாமா, கென்தோ ஷிமாசுன்னா என்ன தெரியுமா? பொண்ணு பார்த்துட்டு, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்னு சொல்வாங்களே, அது."

என்னைத்தான் மாமா என்றாள். ஆனால் அப்பாவும் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அதே 2019 பிப்ரவரியில், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, கீழ்த்தோட்டத்தை விலைக்குக் கேட்டு வந்த புரோக்கரிடம் "வீட்ல கலந்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லி அனுப்பியவர் அவர். புரோக்கர் அதற்கப்புறம் வரவில்லை. அவனுக்குப் புரிந்தது. சேலம் ஜில்லாவில் பிறந்த யாருக்கும் புரியும். 'பார்க்கலாம்', 'சொல்லி அனுப்புறோம்', 'பெரியவங்களைக் கேக்கணும்' என்று இல்லையைச் சொல்ல நம்மிடம் எத்தனை வழி இருக்கிறது! முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாத ஊர்க்காரர் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் பணிவை ஒருவர் நிஜம் என்று எழுதிக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில் இருந்த ஆங்கிலத்தையும் கொஞ்சம் குற்றம் சொல்வேன். 'பரிசீலிக்கிறோம்' என்பதை ஆங்கிலத்தில் கேட்டபோது அது ஆபீஸ் கடிதம் மாதிரி கனமாகக் கேட்டது. மரியாதைக்குச் சொல்லும் மழுப்பலின் வாசனை அதில் போய்விட்டது. பையனும் தப்பாகச் சொல்லவில்லை, வார்த்தைக்கு வார்த்தை சரிதான். அகராதி பார்த்தால் அதுதான் இருக்கும்.

தலையாட்டலை என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டாம் பயணத்தில் மாமா கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு 'யெஸ்', 'நோ' மட்டும் சொல்லிப் பார்த்தார். கழுத்துச் சுளுக்கு பிடித்தவர் மாதிரி இருந்தது. கடைசியில் அக்கா மகளே முதலில் சொல்லிவைத்துவிட்டாள்: எங்க ஊரில் இப்படி ஆட்டினால் ஆமாம். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார், தானும் ஆட்டிப் பார்த்தார். வரவில்லை. மூன்று மூட்டை, மூட்டைக்கு 60 கிலோ, அன்றைக்கே பேசி முடிந்தது.

ஆபீஸில் மாற்றியது

எங்கள் ஆபீஸில் முன்பு ஒரு தாள் கொடுப்போம், நாட்டுக்கு நாடு 'செய்யலாம், செய்யக்கூடாது' என்று. அதை நான் தூக்கி எறியவில்லை. சட்டமாக இருப்பதை அப்படித்தான் சொல்ல வேண்டும். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர் குருமாவுக்கென்று கசகசா கட்டிக்கொண்டு போனால், அங்கே அது பழக்கவழக்கப் பிரச்சினை இல்லை, போதைப்பொருள் வழக்கு. 2023-இல் மாமா ஒசாகாவுக்கு மல்கோவா எடுத்துப்போக ஆசைப்பட்டார். நம் மாம்பழத்துக்கு 2006-இல்தான் ஜப்பான் கதவைத் திறந்தது, அதுவும் நீராவிச் சூட்டில் வைத்துப் புழு நீக்கிச் சான்று வாங்கியதற்கு மட்டும். பெட்டியில் வைத்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். இதற்கெல்லாம் பேச்சே கிடையாது, கூடாது என்றால் கூடாது.

மற்றதற்கு வேறு மாதிரி ஆரம்பிக்கிறேன். வருகிறவரிடம் முதலில் அவர் வீட்டைப் பற்றித்தான் கேட்கிறேன். யாராவது உப்பைக் கையில் கொடுத்தால் வாங்குவீர்களா? நோட்டுக் கட்டில் கால் பட்டால் என்ன செய்வீர்கள்? மொய் 500 வைப்பீர்களா, 501-ஆ? பெரும்பாலும் சிரிப்பார்கள், அப்புறம் யோசிப்பார்கள். உப்பைக் கையில் வாங்காதவருக்கு, ஜப்பான் கடையில் பணத்தைக் கையில் தராமல் தட்டில் வைக்க வேண்டும் என்பது ஒரு தடவை சொன்னால் போதும். தாய்லாந்து போகிறவருக்குப் புத்தர் சிலைப் பக்கம் கால் நீட்டாதே என்று நான் சொல்லவே வேண்டாம். ஆனால் சின்னப்பிள்ளை தலையைத் தடவிக் கொஞ்சாதீர்கள் என்று சொல்ல வேண்டும். நமக்கு அது பாசம், அங்கே தலை பிறர் தொடக்கூடாத இடம். எது ஒன்றாக இருக்கிறதோ அதைக் காட்டிவிட்டு, கோடு எங்கே தள்ளிக் கிடக்கிறது என்று கேட்கச் சொல்கிறேன். நேரம் அதிகம் பிடிக்கிறது. ஐந்து பேர் வரிசையில் நின்றால் முடியாது, உண்மையைச் சொன்னால் அன்றைக்குப் பழைய தாளைத்தான் நீட்டுகிறேன்.

இலையும் வாசலும்

2024 ஜனவரியில் கடைக்காரரும் அவர் மனைவியும் ஏற்காடு வந்தார்கள். பறிப்பு நடந்துகொண்டிருந்தது. களத்தில் காய்ந்த காப்பியை அவர் மண்டியிட்டு உட்கார்ந்து கையால் கிளறினார். மூன்று வேளையும் எங்கள் வீட்டுச் சாப்பாடு. கையால் பிசைந்து சாப்பிடப் படித்துக்கொண்டு வந்திருந்தார், நன்றாகவே சாப்பிட்டார். இடது கையை மடியில் வைத்துக்கொள்ள அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. பழக்கத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அது எழுந்து கிண்ணம் தேடியது.

சாப்பிட்டு முடித்ததும் இலையைச் சுத்தமாக மூடி வைக்க வேண்டும் என்று எங்கோ படித்திருப்பார் போலிருக்கிறது. அழகாக மடித்தார், தன் பக்கமிருந்து எதிர்ப்பக்கமாக. நம் வீடுகளில் விருந்துச் சாப்பாட்டில் இலையைத் தன் பக்கம் மடிப்பார்கள். எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டில். அக்காவின் கண் அரை நொடி இலைக்குப் போய் வந்தது. ஒன்றும் சொல்லவில்லை. சிரித்த முகத்தோடு குனிந்து இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் மாமாவைப் பார்த்தேன், மாமா என்னைப் பார்த்தார்.

கிளம்பும்போது இன்னொன்று நடந்தது. அதற்கு 2023 மே மாதத்துக்கு ஒரு நிமிஷம் போக வேண்டும். ஜப்பானில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் 'இத்தே கிமாசு' என்பார். நேர் அர்த்தம், போயிட்டு வரேன். வீட்டிலிருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்' என்பார், போயிட்டு வாங்க. மகளிடமிருந்து இதைக் கேட்டதும் மாமா துள்ளிக் குதிக்காத குறை. நம் பேச்சு அச்சு அசலாக அங்கே இருக்கிறதே! கடைக்காரர் வீட்டில் சாப்பிட்டு முடித்து, கென்கானில் ஒழுங்காக ஷூ மாட்டிக்கொண்டு, கம்பீரமாக "இத்தே கிமாசு" என்றார். மறுபடியும் கோடு தள்ளிக் கிடந்தது. அதைத் தன் வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் சொல்வார்கள். அடுத்தவர் வீட்டிலிருந்து கிளம்பினால், தொந்தரவு கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம் வருகிற வேறு வார்த்தை. அந்த அம்மா ஒரு கணம் திகைத்தார். பிறகு கணவரைப் பார்த்துவிட்டு, மாமாவிடம் குனிந்து, மெதுவாக "இத்தெராஷ்ஷாய்" என்றார்.

இப்போது நாகலூர். வேன் நிற்கிறது. அக்கா வாசலில் நின்று, அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில், "போயிட்டு வாங்க" என்றாள். அக்கா மகள் அதை அப்படியே மாற்றிச் சொன்னாள். கடைக்காரர் படியிறங்கப் போனவர் நின்று, திரும்பி, மாமாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "இத்தே கிமாசு" என்றார்.

வேன் முதல் வளைவில் மறையும்வரை மாமா கையைத் தூக்கியபடி நின்றார். அக்கா மட்டும் கிட்டே வந்து என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"ஏன்டா, இவங்க நெஜமாவே வருவாங்களா, இல்ல லெட்டர் போடுறோம்னு சொல்லிட்டுப் போறாங்களா?"